மனைவிக்கு வேலை லிலோங்வேயில், எனக்கு வீடு

மலாவியின் தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அங்க ரோட்டுல சிங்கம் வருமா?" வராது. ராத்திரியில் கழுதைப்புலி வரும், குப்பையைக் கிளறும், தெரு நாய்களைத் தூங்கவிடாது. சிங்கம் பார்க்க வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல நாங்களும் காசு கொடுத்துச் சரணாலயத்துக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது கேள்வி எனக்கு மட்டும்: "சரி மாப்ள, நீங்க அங்க என்ன பண்றீங்க?" மனைவி வேலைக்குப் போகிறார், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். "அது சரி, அப்புறம்?" என்பார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை. அதுவே முழுநேர வேலை.

மனைவி துவரை விதை சம்பந்தப்பட்ட ஒரு வளர்ச்சித் திட்டத்தில் இருக்கிறார். இடம் மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஏழை நாடு. நான் திருச்சியில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். குடும்பத்தோடு இப்படி ஒரு வேலைக்குக் கிளம்பலாமா என்று யோசிப்பவர்கள் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். கூட வருகிறவர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரையில், ஒப்பந்தம் முடிவதற்குள் மூட்டை கட்டிய குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்து மணியில்தான் உடைந்தன. வேலை பார்க்கிறவருக்கு முதல் நாளே மேசை, வாகனம், கூடச் சாப்பிட ஆட்கள் எல்லாம் தயார். துணைக்கு வருகிறவரின் அனுமதிச் சீட்டில், இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று இருக்கும். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும்.

எனக்கு உதவியது, வாரத்தில் நேரம் தவறாமல் நடக்கிற ஒன்றிரண்டு காரியங்களை வைத்துக்கொண்டதுதான். சனிக்கிழமை காலை இங்குள்ள சில தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கள் வராந்தாவில் தமிழ் வகுப்பு. புதன்கிழமை பழைய நகரத்தில் சாமான் வாங்குவது. பழைய நகரம் என்பது ஏரியா 2 பக்கம், தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பங்களின் தெரு. லிலோங்வேயில் இடங்களுக்குப் பெயரைவிட எண்தான் புழக்கம்: ஏரியா 3, ஏரியா 10, ஏரியா 47. எண்கள் வரிசையிலும் இருக்காது. 1975இல் சோம்பாவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார்கள். பிறகு ஊர் பகுதி பகுதியாக வளர்ந்ததால், ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் அடுத்த எண்ணைத் தேடிப் போனால் ஏமாற வேண்டியதுதான்.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் இங்கே யாரும் எதையும் சொல்ல முடியாது. மலாவியின் மின்சாரம் பெரும்பாலும் ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. மலாவி ஏரியிலிருந்து தெற்கே ஓடும் ஷீரே ஆறு அது. 2022 ஜனவரியில் 'ஆனா' என்று பெயரிட்ட புயலின் வெள்ளம் அந்த ஆற்றிலுள்ள கபிச்சீரா மின்நிலையத்தின் அணையை உடைத்தபோது, ஏறக்குறைய 130 மெகாவாட் ஒரே அடியில் போனது. அது நாட்டின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போல. அந்த நிலையம் மறுபடி ஓட 2023 நடுப்பகுதி ஆகிவிட்டது. 2012இல் தமிழ்நாட்டு மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சமாளிக்கப் பயிற்சி உண்டு, ஆனால் நம் சமையலறைக்கு மட்டும் தனியாக ஒரு திட்டம் வேண்டும். இன்வெர்ட்டர் விளக்கையும் வைஃபையையும் ஓட்டும், கிரைண்டரை ஓட்டாது. அதனால் கரண்ட் இருக்கும்போது மாவு அரைப்பதா, துணி துவைப்பதா, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதா என்று ஒரு வரிசை வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில், மாவு அடுத்து, மற்றதெல்லாம் பிறகு. அடுப்பு கேஸில் இருப்பது நல்லது. கேஸ் தீர்ந்து மறு சிலிண்டர் கிடைக்காத வாரங்களுக்கு, ஊரே பயன்படுத்தும் கரியடுப்பு ஒன்று வெளியே இருக்க வேண்டும்.

மாவு என்றதும் சொல்ல வேண்டியது: லிலோங்வே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூன், ஜூலையில் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது, இட்லி மாவும் அசையாமல் கிடக்கும். ஆனால் அதே மாதங்களில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மழையும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்ட காரைப் பகலெல்லாம் வெயிலில் நிறுத்தி, பின் இருக்கையில் மாவுப் பாத்திரத்தை வைத்தால் சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டியதே இல்லை. பரங்கிக் கொடியின் இலை, முளைக்கீரை, முருங்கைக்கீரை எல்லாம் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். வடக்கே கரோங்கா பக்கம் விளையும் கிலோம்பேரோ அரிசி வாசனையாக இருக்கும், பொங்கலுக்கு அதுதான். ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிபா என்னும் பொடி மீன் நம் நெத்திலிக் கருவாட்டுக்குத் தங்கச்சி மாதிரி. முதல் முறை வறுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், அவர்கள் வீட்டிலும் அதுதான் வறுபட்டுக்கொண்டிருந்தது. உளுந்து, புளி, பெருங்காயம் குஜராத்திக் கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து பெட்டியில் வரவேண்டியவை வீட்டு மிளகாய்த்தூள், வத்தல் வகைகள், கிரைண்டரின் உதிரி பாகங்கள், அவ்வளவுதான்.

துவரம் பருப்பு மட்டும் தனிக் கதை. மலாவியின் தென்பகுதியில், சிராட்சூலு, முலாஞ்சே, பலோம்பே மாவட்டங்களில், மக்காச்சோளத்துக்கு நடுவே துவரையை ஊடுபயிராகப் போடுகிறார்கள். அங்கே அதற்கு நந்தோலோ என்று பெயர். முதல் மழைக்கு நவம்பர், டிசம்பரில் விதைத்தால் ஜூலைக்குப் பிறகு அறுவடை. அவர்கள் தின்றது போக மிச்சத்தை வாங்குகிற பெரிய கை இந்தியாதான். 2015இல் நம் ஊரில் பருப்பு விலை கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து இங்கே பலர் கூடுதலாக விதைத்தார்கள். அடுத்த பருவத்தில் இந்தியாவில் அமோக விளைச்சல். 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று இந்தியா வரம்பு வைத்தது, இங்கே விலை விழுந்தது. அந்த வருஷம் கூரைக்குத் தகரம் வாங்க எண்ணியிருந்தவர்கள் புல் கூரையோடே இருந்துவிட்டதாக மனைவியிடம் ஒரு அம்மா சொல்லியிருக்கிறார். 2021இல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 டன் வாங்கிக்கொள்வதாக மலாவியோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. ஆகவே எங்கள் வீட்டில் சாம்பார் ஓர் அலுவலக விஷயமும்கூட. கடையில் பருப்பு விலை ஏறினால் நான் முணுமுணுப்பேன், மனைவி சந்தோஷப்படுவார்.

இதே வேலையால் அவர் அடிக்கடி தெற்கே போய்விடுவார். லிலோங்வேயிலிருந்து பிளாண்டயர் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அதற்கு அப்பால்தான் அவருடைய கிராமங்கள். எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் வண்டி ஓடக் கூடாது. சாலையோரம் நடந்து போகிறவர்கள், விளக்கில்லாத சைக்கிள்கள், ஆடுகள், பழுதாகி நடுரோட்டில் நிற்கும் லாரிகள். நம்மவர்கள் கொள்ளைக்குப் பயப்படுகிறார்கள், அதைவிடச் சாலைக்குத்தான் பயப்பட வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான்.

உடம்பு விஷயத்தில் நான் கறாரானவன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சளியா, வெயிலா என்று ஆராய்ச்சி செய்வதில்லை, அன்றைக்கே மலேரியாப் பரிசோதனை. விரலில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். இதில் பலரும் கோட்டைவிடுகிற இடம் விடுமுறை. ஊருக்கு வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், நம் ஊர் டாக்டர் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் யோசிப்பார். உட்காரும் முன்பே, "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம், ஃபால்சிபேரம் மலேரியா இருக்கிறதா என்று பாருங்கள்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். அந்த வகை, நாள் தள்ளினால் மூளையைப் பிடிக்கும்.

ஏரியில் குளிக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. மலாவி ஏரி அவ்வளவு அழகு, ஆனால் கரையோரத்து நத்தைகள் வழியாக பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணி தோலுக்குள் புகுந்துவிடும். மருந்துக் கடைகளில் பிரசிகுவாண்டல் மாத்திரை கிடைக்கும். குளித்த மறுநாளே போட்டால் பலன் குறைவு, புழு முதிர்ந்த பிறகுதான் மாத்திரை கேட்கும். சில வாரங்கள் பொறுத்து, டாக்டரிடம் எடைக்குத் தக்க அளவு கேட்டுப் போடுவது வழக்கம். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகத்தான் பெரும்பாலும் பயணம் என்பதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், பயணத்துக்கு முந்தின வாரம் ஓடினால் உபயோகமில்லை.

அடுத்தது துணி. மழைக்காலத்தில் கொடியில் ஈரத் துணி கிடந்தால் ஒருவகை ஈ அதில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாக எழும்பும். கட்டியின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, அது மூச்சு விடுகிற வழி. வாசலினைத் தடவி மூச்சை அடைத்தால் வெளியே எட்டிப் பார்க்கும். இதைத் தடுக்கிற நம்பகமான வழி, பனியன், ஜட்டி, சாக்ஸ், படுக்கை விரிப்பு என்று ஒன்று விடாமல் இருபுறமும் சூடாக இஸ்திரி போடுவது. கரண்ட் இல்லாத நாளில்? நம் தெருமுனை இஸ்திரி வண்டியில் இருக்குமே, அதே கரிப்பெட்டி. இங்கே சந்தையில் இன்றும் விற்கிறது, நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஜட்டிக்கு இஸ்திரி போடுகிற ஒரே ஆடிட்டர் ஆபீஸ்காரன் நானாகத்தான் இருப்பேன்.

மனிதர்களோடு பழகுவதில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். கடையோ, வங்கியோ, போலீஸ் சோதனைச் சாவடியோ, எங்கே போனாலும் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். "முலி புவாஞ்சி?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் திருப்பிக் கேட்டால் நாமும் சொல்லி, அப்புறம்தான் விஷயம். நேராக "சர்க்கரை என்ன விலை?" என்று ஆரம்பிப்பது இங்கே முரட்டுத்தனம். பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்து பால் பூத்தில் நின்று நலம் விசாரித்து, கடைக்காரரைக் குழப்பியும் இருக்கிறார்கள்.

சாவு வீடும் அப்படித்தான். அலுவலகத்தில் ஒருவருடைய பெரியப்பா இறந்தால்கூட வாகனம் ஏற்பாடு செய்து பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். பெண்கள் இடுப்பில் சித்தெஞ்சே துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் தரையில் உட்கார, ஆண்கள் வெளியே மரத்தடியில். கையில் ஒரு தொகை கொடுப்பார்கள், நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். ஐரோப்பாவிலிருந்து வந்த சக ஊழியர்கள் சிலர் இதை வேலை நாள் இழப்பு என்று கணக்குப் போட்டார்கள். மொய் நோட்டுப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்கில் பயிற்சிப் பட்டறை நடத்திக் கிடைக்காத நெருக்கம், ஒரு துட்டி வீட்டில் தரையில் உட்கார்ந்து கிடைத்தது என்பார் மனைவி.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது இங்கே எல்லோரும் செய்வது. ராக்காவலுக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு அக்கா. ஊரில் நாங்கள் அப்படி வாழ்ந்தவர்கள் இல்லை, முதலில் கூச்சமாக இருந்தது. கூச்சப்படுவதைவிட ஒழுங்காகக் கணக்கு வைப்பதுதான் அவர்களுக்கு உதவும் என்று பிறகு புரிந்தது. எழுத்தில் ஒப்பந்தம், சம்பளத்தோடு விடுப்பு, முன்பணம் கேட்டால் எந்த மாதத்தில் எவ்வளவு பிடிப்பது என்று அவர்களே சொல்லி எழுதுகிற ஒரு நோட்டு.

சம்பள உயர்வை வருஷத்துக்கு ஒருமுறை சதவீதம் போட்டுக் கொடுப்பது வழக்கம். 2023 நவம்பரில் அது அபத்தமாகிவிட்டது. அன்று மலாவியின் மத்திய வங்கி நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது, டாலருக்கு 1,180 போல இருந்தது 1,700 ஆனது. எங்களுக்குச் சம்பளம் டாலரில். படுத்து எழுந்திருப்பதற்குள் எங்கள் கையில் குவாச்சா கூடிவிட்டது, எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களின் சம்பளம் அதே எண்ணில் நின்றது, சமையல் எண்ணெயும் சோப்பும் ஏறின. அதன்பிறகு நான் மக்காச்சோளத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இங்கே சோறு என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சிமாதான். ஒரு மாதச் சம்பளத்தில் ஐம்பது கிலோ மூட்டை எத்தனை வாங்கலாம் என்று பார்த்து, அது குறைந்தால் சம்பளத்தை ஏற்றுவது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, புது அறுவடை வரும்வரை, கிராமங்களில் குதிர் காலியாக இருக்கும் மாதங்கள். அப்போது விலை உச்சத்தில் இருக்கும். அறுவடை முடிந்த மே, ஜூனில் மூட்டை வாங்கி வைத்து ஜனவரியில் கொடுத்தால் நமக்கும் செலவு குறைவு, அவர்களுக்கும் கடன் மிச்சம்.

பிள்ளைகள் படிப்பது பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில். ஜூனில் வருஷம் முடியும். ஒவ்வொரு ஜூனிலும் யாராவது நெருங்கிய சிநேகிதர் நாட்டைவிட்டுப் போவார். மகள் ஒரு கட்டத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம், "உங்க அப்பா அம்மாவுக்கு எத்தனை வருஷ கான்ட்ராக்ட்?" என்று கேட்டுவிட்டுத்தான் பழக ஆரம்பித்தாள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுடைய கணக்கு சரியாகத்தான் இருந்தது. தமிழுக்கு, தமிழ்நாடு அரசுப் பாடநூல்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் உண்டு. லிலோங்வேக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே மாலை ஆறு என்றால் ஊரில் ராத்திரி ஒன்பதரை. தாத்தா பாட்டியோடு பேச்சு என்றால் மதியமே வைத்துக்கொள்ள வேண்டும், சாயங்காலம் பார்ப்போம் என்று தள்ளினால் அவர்கள் தூங்கியிருப்பார்கள்.

தாத்தா பாட்டிக்கு வயதாகிறது என்பதால் ஓர் ஏற்பாடு. அனுமதி புதுப்பிக்க எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதில்லை. ஒருவருடையது எப்போதும் கையில் இருக்க வேண்டும், கடைசி நிமிட டிக்கெட்டுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அப்படி ஒருமுறை போக வேண்டியும் வந்தது. அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை 90 நாள்களுக்கு நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அந்த ஜூலையில், அந்த உதவியைக் கையாண்ட அமைப்பான யுஎஸ்எய்டே மூடப்பட்டது. மனைவியின் திட்டத்துக்கு வேறு இடத்துப் பணம் என்பதால் நாங்கள் தப்பினோம். எங்கள் தெருவிலோ பள்ளி நடுப்பருவத்தில் லாரிகள் வந்து நின்றன. தங்கள் ஒப்பந்தத்தில் திட்டம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற பக்கத்தை அப்போதுதான் முதன்முறையாகப் புரட்டியவர்கள் நிறையப் பேர். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை அவை: எத்தனை மாத முன்னறிவிப்பு, சாமான் அனுப்பும் செலவு யாருடையது, நடப்புக் கல்வியாண்டின் மிச்சக் கட்டணம் என்ன ஆகும், மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை, நோயாளியை ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு போகும் செலவு அதில் அடங்குமா.

போனவர்களுக்காவது டிக்கெட் இருந்தது. அதே வாரத்தில் அந்த வீடுகளின் காவலாளிகளும் சமையல்காரர்களும் வேலை கேட்டு எங்கள் கேட்டில் நின்றார்கள். சிலருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்திருந்தார்கள், சிலருக்குப் பழைய ஃபிரிட்ஜ். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் எங்கள் வீட்டில் வேலை செய்யும் மூவருடைய சம்பளத்திலும் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை எங்கள் பணத்திலிருந்து எடுத்துத் தனியாகப் போட்டுவருகிறேன், டாலரில். வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் சேரும். அவர்களுக்கான சான்றுக் கடிதங்களைத் தேதி மட்டும் போடாமல் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் எடுத்து, அந்த வருஷம் புதிதாகக் கற்றுக்கொண்டதைச் சேர்ப்பேன். அக்காவின் கடிதத்தில் போன வருஷம் சேர்த்தது: நன்றாக இட்லி சுடுவார், சட்னி அரைப்பார். அடுத்து வருவது நார்வேக்காரக் குடும்பமாக இருந்தால் அந்த வரியால் என்ன லாபம் என்று மனைவி கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.